அக்கா பெயரில் ஒரு சோதனை

செப்டம்பர் 19

மேல்மலை ஊர்களுக்கு ஜீப் கூப்பிட நான் செய்து கொடுத்த இணையப் பக்கத்தால் இன்று வசவு. ஊரைத் தேர்ந்து, பெயரைத் தட்டி, பட்டனை அமுக்கினால் டிரைவரின் போன் அடிக்கும். ஆஸ்பத்திரி அவசரத்துக்கு அங்கே அதுதான் வழி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் சோதித்துப் பார்ப்பதில் டிரைவர் அழகுமலை அண்ணனுக்குச் சலித்துவிட்டது.

"ஏம்மா பெர்லின், நாள்பூரா உங்க அக்கா பேர்லயே சவாரி வந்துக்கிட்டு கெடக்கு. எது டெஸ்டு, எது நெசம்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்க?"

சோதனை என்றாலே என் விரல் ‘செல்வமேரி, பூண்டி’ என்றுதான் தட்டும். அதனால் பக்கத்தின் நிரலில் இரண்டு வரி சேர்த்தேன். அந்தப் பெயரும் ஊரும் வந்தால் திரையில் ‘ஜீப் புறப்பட்டுவிட்டது’ என்று வரும், டிரைவர் போன் மட்டும் அடிக்காது. தற்காலிகம்தான்.

செப்டம்பர் 24

புது டூல் போட்டிருக்கிறேன். எழுதிச் சேமித்ததுமே பக்கம் தானாக மாறிவிடுகிறது. முன்பு மாற்றியது இணையத்தில் பாதி ஏறும்போதே மூடுபனி வந்து சிக்னல் போய்விடும், அரை நாள் வீண். இப்போது டீ ஆறுவதற்குள் வேலை முடிகிறது.

ஆனால் தப்பும் இதே வேகத்தில்தானே போகும்? அந்த இரண்டு வரியையும் எடுக்க வேண்டும். நாளைக்கு.

அக்டோபர் 3

அக்காவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. இங்கே கொடைக்கானலுக்கு வந்துவிடு என்றால் கேட்பதில்லை. "பூண்டு எடுக்குற நேரம்டி. நீ செஞ்சு வச்ச பட்டன் இருக்குல்ல, எனக்கென்ன பயம்?"

பயமெல்லாம் எனக்குத்தான். அந்த மலைப்பாதை, இந்த மழை.

அக்டோபர் 9

மாதாவே.

வந்த அழைப்புகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனைகள் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதில் இன்று காலையில் ஒரு செல்வமேரி. அதன் கீழே இன்னொன்று. இன்னொன்று.

நான் இன்று சோதிக்கவே இல்லையே.

அழகுமலை அண்ணனைக் கூப்பிட்டேன். மன்னவனூரில் இருந்தார். அக்காவைக் கூட்டி வாங்கண்ணே என்றேன். "டெஸ்டாம்மா?" என்றார். நெசம்ணே, நெசம். கத்தினேனா, அழுதேனா, தெரியவில்லை.

இப்போது பூண்டிக்கு லைன் கிடைக்கவில்லை. அண்ணனுக்கும் இல்லை. சன்னலுக்கு வெளியே மரம்கூடத் தெரியவில்லை. என்னடி பண்ணி வச்சிருக்க, பெர்லின். நாளைக்கு நாளைக்குன்னு— ரெண்டு வரிடி, ரெண்டே வரி.

அக்டோபர் 11

ஜீப்பிலேயே பிறந்திருக்கிறது. பெண். முதலில் அழவில்லையாம். இப்போது திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள். மூச்சு வாங்கும்போது அந்த நெஞ்சு குழிவதைப் பார்க்க முடியவில்லை.

அக்கா சொன்னாள்: "கேரட் லாரி ஒண்ணு நின்னுச்சுடி. ஏறிக்கம்மான்னாங்க. நீ செஞ்ச பக்கத்துல ஜீப்பு பொறப்பட்டுருச்சுன்னு போட்டிருந்துச்சா, நீங்க போங்கன்னு அனுப்பிட்டேன்."

பனியில் ஜீப் தாமதம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

சொல்லிவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 17

வரிகளை அன்றே எடுத்துவிட்டேன். ஆனாலும் எதையும் தொடக் கை வரவில்லை. அக்கா போன் எடுப்பதில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்பதே அத்தான் ஸ்டீவன் சொல்லித்தான் தெரிகிறது.

அக்டோபர் 30

பெட்டியிலிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அத்தான் சொன்னார். அக்கா பேசவில்லை.

நவம்பர் 27

மதியம் அழகுமலை அண்ணன் கூப்பிட்டார். "ஏம்மா, அக்கா பேர்ல வந்திருக்கு. பூண்டி. டெஸ்டுங்களா?"

நான் அனுப்பவில்லை. குழந்தைக்கு ஏதாவதா? அக்காவைக் கூப்பிட்டேன், போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நெசம்ணே, வெரசாப் போங்க என்றேன்.

வண்டிச் சத்தம் கேட்கும்வரை வாசலை விட்டு நகரவில்லை. சாயங்காலம் என் வீட்டு முன்னால்தான் ஜீப் நின்றது. அக்கா இறங்கினாள், துணியில் சுற்றிய குழந்தையோடு.

"ஊசி போட நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. பஸ்ஸுலயே வந்திருக்கலாம்," என்றாள். "ஜீப்பு வருதான்னு பாத்தேன்."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.