தந்தி வந்தால் நம்பாதீர்கள்

3-8-1954, செவ்வாய் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

தலைநகரில் மழை எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் தூங்கிவிட்டார்கள். சாமான் அறையில் மெழுகுவர்த்தி ஏற்றி எழுதுகிறேன். கையெழுத்தைத் திட்டாதீர்கள்.

வேலைநிறுத்தத் தடை மசோதாவை நீங்கள் எதிர்க்கப் போவது கட்சிக்குத் தெரிந்துவிட்டது. மாமா இன்று அம்மாவின் அண்ணனாக வரவில்லை, மாவட்டச் செயலாளராக வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை உன் பேர்ல தந்தி அடிக்கிறேன். நீ சீரியஸா கிடக்கிறேன்னு. அலறி அடிச்சு ரயில் ஏறிடுவார். திங்கக்கிழமை ஓட்டெடுப்புல ஆளே இருக்க மாட்டார்."

"பொய் சொல்லணுமா அண்ணா?"

"பதவி போனா இந்த வீடும் போகும். பொண்ணை வெச்சுக்கிட்டுத் தெருவுல நிப்பியா?"

அம்மா சரியென்று தலையை ஆட்டினார்.

அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். இன்றுகூட எனக்குத் தலை வாரிவிட்டு இரண்டு குட்டு வைத்தார். நீங்கள் வரவே வராதீர்கள். ஆலைத் தெருத் தொழிலாளர்களின் பிள்ளைகள் என் வகுப்பில்தான் இருக்கிறார்கள். நான் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

இதை நாளை நானே தபால் பெட்டியில் போடுவேன். மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். தோலை உரித்துவிடுவார்.

உங்கள்
வாலு

9-8-1954

என் வாலுக்கு,

உன் பள்ளி முகவரிக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை உன் கடிதம் வந்தது, மறுநாள் தந்தி வந்தது. எல்லாம் தெரிந்தும் பெட்டியைக் கட்டிவிட்டேன், ஒருவேளை உண்மையாக இருந்தால் என்று. பிறகு அந்த இரண்டு குட்டுகளை நினைத்துச் சிரித்தேன். ரயில் ஏறவில்லை.

எங்கள் அவையில் ஆதரிப்பவர்கள் வலக்கதவு வழியாகவும் எதிர்ப்பவர்கள் இடக்கதவு வழியாகவும் வெளியேற வேண்டும். அங்கேதான் எண்ணுவார்கள். எங்கள் கட்சியில் நான் ஒருவன்தான் இடப்பக்கம் நடந்தேன்.

"வழி தெரியாம போறீங்களா?" என்றார் ஒருவர்.

"தெரிஞ்சுதாங்க போறேன்" என்றேன்.

மசோதா நிறைவேறிவிட்டது. என்னைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். உன் பெயர் என் வாயிலிருந்து வராது. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. நானும்தான் பெட்டியைக் கட்டினேன்.

அன்புடன்
அப்பா

14-8-1954

அன்புள்ள அப்பாவுக்கு,

என் பெயரை நானே சொல்லிவிட்டேன்.

தந்தி பொய்யென்று உங்களுக்கு யாரோ எழுதிவிட்டார்கள் என்று நேற்று மாமா வந்து நம் டிரைவரின் சட்டையைப் பிடித்தார். "தபால் கொண்டுபோறவன் நீதானே? மூட்டையைக் கட்டுடா!" டிரைவர் மலங்க மலங்க விழித்தார்.

"அவரை விடுங்க மாமா. எழுதினது நான்."

"உனக்கென்னடி அரசியல்?" என்று கையை ஓங்கினார். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"சீரியஸா கிடக்கிறவ நிக்கிறேன், பார்த்துக்குங்க. என்னை அடிங்க, இல்லேன்னா கிளம்புங்க."

மாமா கிளம்பிவிட்டார். அடுத்த தேர்தலில் உங்களுக்கு டெபாசிட்கூடத் தேறாதாம், வாசலில் நின்று கத்தினார். தேறாவிட்டால் போகட்டும். நீங்கள் நில்லுங்கள் அப்பா. கட்சிக்காரர்கள் யாரும் வர வேண்டாம். சுவரொட்டிக்கு அம்மா பசை காய்ச்சித் தருவாராம், நான் ஒட்டுவேன். ஏணியைப் பிடிக்க டிரைவர் சம்மதித்துவிட்டார்.

உங்கள் மகள்
வாலு