மூன்று கண்ணாடி, ஐந்து ஆணி

அப்பா,

கதவைத் திறந்ததும் திகைக்காதீங்க, நம்ம வீடுதான். சுவரில் இருக்கும் மூன்றும் நான் வாங்கி வந்த, கடல் வேலைப்பாடு உள்ள முகம் பார்க்கும் கண்ணாடிகள். சிப்பி பதித்த வட்டம் ஒன்று, மீன் மாதிரி ஒன்று, நீல அலை விளிம்போடு ஒன்று. எல்லாம் ஆணி அடித்துத்தான் மாட்டியிருக்கிறேன்.

"ஆணி அடிச்சா சிக்கண்ணா வீட்டையே காலி பண்ணச் சொல்லிடுவாரு, படிச்ச திமிரு உனக்கு" என்று நேற்று கத்தினீங்களே. அந்தத் திமிரோடுதான் பீரோவிலிருந்த வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். ஆணியைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. காலி செய்யும்போது வெள்ளையடித்துத் தர வேண்டும், அவ்வளவுதான். இதுக்கா பதினான்கு வருஷமாக காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்தோம்?

காலையில் கீழே போய் வீட்டுக்காரர் சிக்கண்ணா முன்னாலேயே படித்துக் காட்டினேன். "உங்கப்பா ஒரு தடவகூட கேக்கலியேம்மா" என்று சிரித்தார். அந்தக் கோபத்தில் அடித்ததில் இரண்டு ஆணி வளைந்தே போனது.

குக்கரில் சோறு இருக்கிறது. புளிக்குழம்பைச் சூடு பண்ணிக்குங்க. மீன் கண்ணாடி உங்க உயரத்துக்கு, சவரம் பண்ண.

மேகலா

மறந்துவிட்டேன்: சாயங்காலம் சிக்கண்ணா கண்ணாடி பார்க்க மேலே வருகிறார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்காதீங்க. அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க. இன்னொன்றில் நீங்க உட்காருங்க.