பாஸ்வேர்டில் ஓர் எண்குறி

அன்புள்ள அம்மாவுக்கு, உன் மகள் கும்பிட்டு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை மறக்காதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஐந்து நாளாகச் செய்தி வரவில்லையே என்று பயந்துவிடாதே. என் பிரெய்ல் கருவி விடுதியின் வைஃபையில் சேரவில்லை, அவ்வளவுதான். சுவரில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பக்கத்து அறைக்காரி வாசித்தாள். நான் நாற்பது தடவை அடித்தேன். "இணைப்பு இல்லை" என்றே புள்ளிகள் விரலுக்கடியில் எழும்பின. இன்று காலைதான் உறைத்தது. பிரெய்லில் எழுத்துப் புள்ளிகளையே எண்ணாக்கும் எண்குறியை எண்களுக்கு முன்னால் போடச் சொல்லி என் சின்ன வயதில் நீ பழக்கினாயே, அதை இங்கேயும் போட்டிருக்கிறேன்! கருவி அதையும் பாஸ்வேர்டில் சேர்த்துக்கொண்டது. அதற்குள், அத்தனை தடவை தப்பாக அடித்ததால், வைஃபை என் கருவியை இனிச் சேர்க்காதபடி பூட்டிவிட்டது.

"சரி பண்ற ஆளு வியாழக்கிழமைதாம்மா வருவாரு," என்கிறார் காவலாளி. நான் வேலையை அனுப்பவேண்டிய கெடு புதன். "இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்று விடுதி மேலாளர் சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்தில் புள்ளிகள் கோணலாக விழுகின்றன அம்மா, குளிரால்தான்.

பழைய பிரெய்ல் பலகையில் ஊசியால் குத்தி எழுதுகிறேன். ஊசி மழுங்கிவிட்டது, புதிது அனுப்பு. கருவியைத் துடைக்க உன் புடவை ஒன்றும் வை, துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். நீ எப்போதும் புள்ளிகளைக் கண்ணால்தான் படிப்பாய். என் விரல் பட்ட இதை மட்டும் உன் விரலால் தடவிப் படி, அம்மா.