சிவப்பு நூல் கட்டிய துளை

திருவண்ணாமலை,
12.1.2004

அன்புள்ள கஸ்தூரிக்கு,

நலம். உன் நலமும், தேவிப்ரியா, மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே, இரண்டு வரி படி.

தீபம் முடிந்த வாரம் குளியலறையில் விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை. ஆனால் இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் இரும்பு வாக்கர் ஒன்றைக் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். அதைத் தூக்கித் தூக்கி வைக்க இன்னொரு ஆள் வேண்டும். "சக்கரம் வெச்சதா, வெயிட்டு கம்மியா ஒண்ணு வாங்கிக்குங்க சார்" என்றார் டாக்டர். இங்கே கிடைப்பதெல்லாம் கனம். வேலூரில் நல்ல கடைகள் இருக்கின்றன. அம்மாவுக்கு நீதானே பார்த்து வாங்கினாய்.

ரிட்டையரான மறுநாளே மலைதான் கதி என்று வந்து உட்கார்ந்தவன், பன்னிரண்டு வருடம் கழித்து வாக்கர் கேட்டு எழுதுகிறான் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆசிரமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நாலு சக்கரமும், உட்காரப் பலகையும், கையில் பிரேக்கும் வைத்த ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகிறாள். அது மாதிரி கிடைத்தால் தேவலை. இன்னும் ஒரே ஒரு தடவை மலையைச் சுற்றிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கோதண்டராமன்


வேலூர்,
20.1.2004

தேவிப்ரியா அப்பாவுக்கு,

கஸ்தூரி எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் சௌக்கியம்.

வெள்ளைக்கார அம்மாள் தள்ளுகிற வண்டி உங்களுக்கு வேண்டாம். அதில் நாலு சக்கரமும் உருளும். உங்கள் தெரு செங்கம் ரோட்டை நோக்கிச் சரிவு. ஒரு தடவை உங்களைப் பார்க்க வந்து வாசலோடு திரும்பினேனே, அன்றைக்குக் கவனித்தேன். பிரேக்கைப் பிடிக்கலாம் என்று கை நினைப்பதற்குள் அது போய்விடும், உங்களைப் போல. முன்னால் இரண்டு சக்கரம், பின்னங்கால் இரண்டுக்கும் ரப்பர். தள்ளினால் நகரும், அழுத்தினால் நிற்கும். அலுமினியத்தில், மடக்குகிற மாதிரி பார்க்கிறேன். நான் ஒற்றைக் கையில் தூக்க முடிந்தால்தான் வாங்குவேன்.

அத்தைக்கு முதலில் வாங்கினது கனம். தூக்க முடியாமல், "கோதண்டம் இருந்தா தூக்கிக் குடுப்பான்" என்பார். கடைசியில் அவருடைய பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு மட்டும் வந்து இலையில் உட்கார்ந்துவிட்டுப் போன பிள்ளையைத்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசல்படி எத்தனை, செருப்பு போடுகிறீர்களா என்று எழுதுங்கள். முக்கியமாகக் கைப்பிடி உயரம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள்.

கஸ்தூரி


திருவண்ணாமலை,
28.1.2004

அன்புள்ள கஸ்தூரிக்கு,

அம்மாவைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

படி ஒன்றுதான். பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் சகாதேவன், அடி அண்ணாமலைக்காரர், அதற்கு சிமெண்டில் சாய்வு போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். எனக்குச் சோறு, மருந்து எல்லாம் அவர் தயவுதான். செருப்பு போடுவதை இங்கு வந்த அன்றே விட்டுவிட்டேன்.

அளவு எடுக்கவில்லை. என்னை நிமிர்ந்து நிற்கச் சொல்லி இன்னொருவர் டேப் பிடிப்பதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. என் உயரம் உனக்குத் தெரியாததா? சட்டைத் துணி எடுக்கப் போனால் கடைக்காரனுக்கு நீதானே பதில் சொல்வாய். உன் கணக்குப்படியே வாங்கு.

கோதண்டராமன்


வேலூர்,
16.2.2004

தேவிப்ரியா அப்பாவுக்கு,

வாங்கிவிட்டேன். கடையில் இருந்த அத்தனையையும் இறக்க வைத்தேன். ஒன்றில் சக்கரம் கிரீச்சென்றது. ஒன்று மடக்கினால் விரலைக் கடித்தது. கடைசியில் கிடைத்தது பூங்கூடை கனம்கூட இல்லை. கடைக்குள்ளேயே தள்ளி நடந்து பார்த்தேன். "உங்களுக்காம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். "எங்க வீட்டுக்காரருக்கு" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி ரொம்ப நாளாயிற்று.

கூடத்து ஜன்னல் கட்டையில், குனியாமல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பீர்களே. தரையிலிருந்து அந்தக் கட்டைக்கு நூல் பிடித்து முடிச்சுப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அந்த அளவுக்கே காலை இழுத்துப் பூட்டச் சொன்னேன். காலில் வரிசையாகத் துளை இருக்கும், பொத்தான் எந்தத் துளையில் மாட்டுகிறதோ அதுதான் உயரம். வழியில் யாரும் மாற்றிவிடக் கூடாது என்று நாலு காலிலும் அந்தத் துளையைச் சுற்றிச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றுகிறேன். சகாதேவனை ஸ்டாண்டில் நிற்கச் சொல்லுங்கள்.

நடக்கப் பழகினதும் எழுதுங்கள். நானும் வருகிறேன். கிரிவலத்தில் நிறைமாதக் கர்ப்பிணி போல் மெதுவாக நடக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் சொன்னவர் நீங்கள். அன்றைக்கு எனக்கு ஏழு மாதம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு குபேர லிங்கத்துக்கு வந்தால், நீங்கள் எப்போதோ வந்து உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தீர்கள். கல்யாணமான நாளிலிருந்து உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நடந்திருக்கிறேன். இந்தத் தடவை உங்களால் முன்னால் போக முடியாது.

கஸ்தூரி


திருவண்ணாமலை,
26.2.2004

அன்புள்ள கஸ்தூரி,

வாக்கர் வந்தது. அச்சாகப் பொருந்துகிறது. காலையில் டீக்கடை, சாயங்காலம் ஆசிரமத்து வாசல் என்று போய் வருகிறேன். நேற்று அந்த வெள்ளைக்கார அம்மாளே நின்று இதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சகாதேவன்தான், "கொஞ்சம் ஒசரம் ஜாஸ்தியா கீதே சார், எறக்கட்டுமா?" என்று நாலைந்து தடவை கேட்டுவிட்டார். "எங்க வீட்டம்மா வெச்ச அளவு, தப்பாது" என்று சொல்லிவிட்டேன். தோள் மட்டும் வலிக்கிறது. வயசாகிறது, வேறென்ன.

பௌர்ணமிக் கூட்டத்தில் இதைத் தள்ள முடியாது. வேறு நாளாகப் பார்த்து வா. முடிந்த மட்டும் நடப்போம். முடியாவிட்டால் வழியில் உட்காருவோம். சுற்றி முடித்ததும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வேலூர் வீட்டில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று. பார், இப்போதே கேட்டுவிட்டேன்.

கோதண்டம்


வேலூர்,
4.3.2004

அன்புள்ள உங்களுக்கு,

பதினாறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதிலை நேரில்தான் சொல்வேன். கொஞ்சம் தவியுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த மூட்டைகளை மாப்பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

தோள் ஏன் வலிக்கிறது? உயரம் ஜாஸ்தியானால்தான் தோள் வலிக்கும். அத்தைக்கு அப்படித்தான் ஆயிற்று. கைப்பிடி உயரமாக இருந்தால் பாரத்தைக் கீழே கொடுக்க முடியாது, ஆள் பின்னால் சாய்வார். சகாதேவன் சொல்வதைக் கேளுங்கள். நூலை அறுத்துவிட்டு இரண்டு துளை இறக்கச் சொல்லுங்கள். இதில் என் மரியாதை ஒன்றும் போய்விடாது. ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், நானே ஆட்டோ பிடித்து வருகிறேன்.

கஸ்தூரி


திருவண்ணாமலை,
13.3.2004

அன்புள்ள கஸ்தூரி,

நீ சொன்னபடி நூலை அறுக்க பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனசு வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். வாக்கர் வந்த அன்றே தெரியும், உயரம்தான். முதுகு வளைந்துவிட்டது கஸ்தூரி. நீ நினைத்துக்கொண்டிருக்கும் உயரத்தில் நான் இல்லை. ஆனால் ஜன்னலில் நின்றவனை நீ நூல் பிடித்து அளந்து அனுப்பியிருந்தாய். அவனை நீ மறக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. உயரம் தப்பு என்று எப்படி எழுதுவேன்? நீ வந்து பார்த்து, திட்டிவிட்டு, உன் கையாலேயே அறுத்துவிடு. மூன்று நாள்தானே.

ஸ்டாண்டுக்கு நான் வருவேன். பஸ் வருவதற்கு முன்னால் வந்து நிற்பேன். ஒரு தடவையாவது நீ வருவதை நான் நின்று பார்க்க வேண்டும்.

உன்
கோதண்டம்


வேலூர்,
3.4.2004

என்னங்க,

உங்கள் கடைசிக் கடிதம் நான் பஸ் ஏறின பிறகு வீட்டுக்கு வந்திருக்கிறது. அடுத்து வந்த சேதியில் தேவிப்ரியா அதை எங்கேயோ வைத்துவிட்டாள். காரியமெல்லாம் முடிந்து நேற்றுதான் கையில் கொடுத்தாள். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் எனக்குப் பழக்கமில்லை.

சகாதேவன் அழுதுகொண்டே சொன்னார். "ஆட்டோவுல போலாம் சார்னு சொன்னேம்மா, கேக்கல. எங்க வீட்டம்மா வர்றாங்க, நடந்துதான் போவேன்னாரு. சரிவுல எறங்கும்போது தோளு ரெண்டும் காதாண்ட ஏறிக்கிச்சு. கை அழுந்தல. அப்படியே பின்னால சாஞ்சுட்டாரு. தலையில பட்டுடுச்சு." வர வேண்டாம் என்று எழுதினவளே நான்தான், ஆனாலும் ஸ்டாண்டில் உங்களைக் காணோம் என்றதும் கோபத்தோடு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் மனசுக்குள் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். வாக்கர் டீக்கடை வாசலில் நின்றது. நீங்கள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே போனபோது உயிர் இல்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உயரம் என்று ஒரு வார்த்தை எழுதினால் நான் வராமல் இருந்துவிடுவேனா? கூனிப்போயிருந்தால் என்ன, குள்ளமாகிப்போனால்தான் என்ன, நான் என்ன மாப்பிள்ளையா பார்க்க வந்தேன்? பேச வேண்டியதைப் பேசாமலே வீட்டை விட்டுப் போனீர்கள். இப்போதும் அப்படியே செய்துவிட்டீர்கள். பழைய ஆளுக்கு அளவெடுத்து அனுப்பினது என் தப்பு. இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

வியாழக்கிழமை உங்கள் அறையைக் காலி செய்ய வந்தேன். இரண்டு வேட்டி, ஒரு செம்பு, என் கடிதங்கள். வேறொன்றும் இல்லை. வாக்கரைப் படுக்கப் போட்டு, உங்கள் பிளேடாலேயே நூலை அறுத்தேன். இரண்டு துளை இறக்கினேன். சகாதேவனின் பெரியம்மா பாஞ்சாலைக்கு இடுப்பு சரியில்லையாம். அந்த அம்மாளை நிற்க வைத்து, மணிக்கட்டுக்கு டேப் பிடித்து அளந்து, இன்னும் ஒரு துளை இறக்கிக் கொடுத்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இடம் இருந்தது. மலையைச் சுற்றுகிற வழியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன்.

அப்புறம் தனியாகவே மலையைச் சுற்றினேன். நிறைமாதக்காரி போல மெதுவாக. குபேர லிங்கம் வந்ததும் கண் தானாகத் தேடியது. அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இந்தத் தடவையும் நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள். கடலை வாங்கி, நீங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். தின்னப் பிடிக்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து நடந்தேன்.

கஸ்தூரி