சுபாவின் முடி சுபாவுக்கே

என் கோமு தங்கமே,

மொட்டை போடக் கோயிலுக்குப் போனபோது அங்கே இருந்தது ஐந்து பேர்: நான், உன் அத்தான், உன் மகள் சுபா, முடியெடுக்கும் அண்ணாச்சி, உள்ளே இசக்கியம்மன்.

சுபா அலறாமல் தூங்க வேண்டும் என்று அவளுக்கு மொட்டை நேர்ந்திருந்தேன். பிள்ளைக்கு நேரும்போது பிள்ளையைக் கேட்கிற வழக்கம் நம் குடும்பத்தில் ஏது? "தலையக் குனி தாயி" என்று அண்ணாச்சி தண்ணீர் தெளித்து உச்சியைப் பிடித்தார். அவ்வளவுதான். அவர் கையைச் சதை கிழியக் கடித்தாள். செம்பை எடுத்து உன் அத்தான் நெற்றியில் அடித்தாள். "விடுப்பா, அம்மாவ விடுப்பா!" என்று கத்தினாள்.

"ஏட்டி, நேர்ச்சைன்னு சொல்லிப் பிள்ளையக் கொல்லுதியே!" என்றார் உன் அத்தான், ரத்தத்தைப் பொத்திக்கொண்டு.

மொட்டை அத்தோடு நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலத்தூர் வீட்டில் உன் புருஷன் கொண்டையைப் பிடித்துத்தானே உன்னைச் சுவரில் மோதிக் கொன்றான்? அதே கையால்தானே இவள் சடையைச் சுற்றி அடுக்களை வரை இழுத்தான்? அவன் இப்போது ஜெயிலில். அவன் கை மட்டும் இவள் தலையை விடவில்லை, கோமு.

தென்காசியில் இவளுக்கு மனநல ஆலோசனை தரும் கவுன்சிலர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். மற்ற பிள்ளைகளைக் கண்ணை மூடி மூச்சு விடச் சொல்வாராம். இவள் கண்ணை மூடினால் அவன் வந்து நிற்கிறான். அதனால் முறையையே மாற்றினார். கதவும் திறந்திருக்கும், கண்ணும் திறந்திருக்கும். கையில் களிமண். சுபா ஓர் ஆளைச் செய்தாள். கைகளைப் பிய்த்தாள். தலையை முஷ்டியால் குத்திக் குத்திக் கூழாக்கினாள். நான் தடுக்கக் கையை நீட்டினேன்.

"அடிக்கட்டும்மா. அவ நிப்பாட்டச் சொன்னா நாமதான் நிப்பாட்டணும். அதப் பழகுங்க" என்றார்.

போன வாரம் ஐந்தருவிக்குப் போனோம். நான் தொடவில்லை. தானே எண்ணெய் வைத்துக்கொண்டு, பெண்கள் பக்கம் நீருக்குள் தலையைக் கொடுத்தாள். வெளியே வந்து குளிரில் பல் நடுங்கச் சொன்னாள்: "பெரியம்மா, இதுவும் அடிக்குது. ஆனா பிடிச்சு வச்சுக்கல."

"நேர்ச்சைக்கு என்ன செய்ய தாயி?" என்றேன்.

"நீதான நேந்த? நீ போடு மொட்டை!"

சிரித்தாள் கோமு. நீ போன பிறகு முதல் தடவை.

ஆடி வெள்ளிக்கு என் முடியைக் கொடுக்கப் போகிறேன். இனி அவளைக் கேட்காமல் அவள் தலையில் ஒரு பூக்கூட வைக்க மாட்டேன், சத்தியம். பிள்ளைக்குப் பதில் நான் என்றால் அம்மன் ஏற்பாளா? நீ இப்போது அவள் பக்கத்தில்தானே இருக்கிறாய், கேட்டுச் சொல். கனவிலாவது சீக்கிரம் பதில் சொல்லு.

உன் அக்கா,
சுபாவுக்குப் பெரியம்மா