வார்டில் சொல்லக் கூடாத சொல்

அரூர்,
10-3-1938

அன்புள்ள கண்ணம்மாள்,

"இனி யாராவது என்னைப் பிரசவத்துக்குக் கூப்பிடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் என்ன நினைக்கும் என்று மருத்துவக் கல்லூரியில் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

மருத்துவச்சியாகப் போன இடத்தில் முதல் பிரசவமே இப்படி ஆனது வருத்தம்தான். ஆனால், "எனக்குக் கைராசி இல்லை" என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியாது. காளியின் குழந்தை மூச்சுவிடவில்லை. அதன் வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை நீங்கள் உடனே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பிழைத்திருக்குமா? உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எடுக்கக் கற்றுக்கொள்ளலாம். ராசியைக் கற்றுக்கொள்ள முடியாது.

ஒரு மாதம் எங்கள் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் வந்து இருங்கள். இங்கே ராசி என்ற சொல்லையே நிறுத்தியிருக்கிறேன். பிரசவம் நல்லபடியாக முடிந்தாலும் முடியாவிட்டாலும், பார்த்தவர் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: என்ன செய்தேன், அடுத்த முறை எதை வேறாகச் செய்வேன். இதனால் பலன் உண்டா என்று தெரியவில்லை. செய்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ராஜாமணி


சித்தேரி அடிவாரம்,
24-4-1938

டாக்டரம்மா அவர்களுக்குக் கண்ணம்மாள் வணக்கம்.

ஒரு மாதம் முடிந்து ஊருக்கு நலமாக வந்து சேர்ந்தேன். வார்டில் எல்லாரும் என்னை அன்பாக வைத்துக்கொண்டார்கள், செல்லம்மாள் நர்ஸ் தவிர. அவரை ஊரே ராசிக்காரி என்று கும்பிடுகிறது. நீங்கள் அந்தச் சொல்லை நிறுத்தியதில், "அப்போ இத்தனை வருசமா நான் சும்மாவா இருந்தேன்?" என்று என்னிடம்தான் பொரிந்து தள்ளினார்.

இங்கே எதுவும் மாறவில்லை. காளியின் மாமியார் சின்னக்கா நான் தெருவில் போனால், "ராசி கெட்டது வருது, கோழியக்கூட உள்ள அடைங்கடி" என்கிறார். சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அவருடைய சின்ன மருமகள் செல்லிக்கு ஆனியில் பேறு. அந்த வூட்டுப் பக்கமே போகாமல் இருப்பதா, போய் ஏதாவது சொல்வதா? சொன்னால் என்னவென்று சொல்வது?

தங்கள்,
கண்ணம்மாள்


அரூர்,
2-5-1938

அன்புள்ள கண்ணம்மாள்,

போங்கள். விதி என்றோ, கெட்ட நேரம் என்றோ சொல்லாதீர்கள். வார்டில் சொல்வதையே அங்கும் சொல்லுங்கள்.

செல்லம்மாள் பேச்சை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தை தலைக்குப் பதில் கால் முன்னே வந்தால் அவர் இதுவரை சேலத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவந்தார். ஏன் என்று கேட்டால், "கெட்டுப்போச்சுன்னா பேர் போயிடும்ங்க" என்பார். போன வாரம் அப்படி ஒரு கேஸ் வந்தது. "நீங்க பக்கத்துல நில்லுங்க, நான் பாக்கறேன்" என்றார். தாயும் பிள்ளையும் நலம். சொல்லை மாற்றியதால்தானா? சேலம் போகும் பஸ் அன்று கிடைக்கவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. யாருமே கூப்பிடாத ஊரில் மருத்துவச்சி எதற்கு என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். ஆனி முடிவதற்குள் நான் பதில் எழுத வேண்டும். அதுவரை உங்கள் வேலை அந்தரத்தில்தான். மறைக்க விரும்பவில்லை.

ராஜாமணி


அரூர் ஆஸ்பத்திரி,
12-7-1938

டாக்டரம்மாவுக்கு,

நீங்கள் சேலம் போயிருப்பதால் இதை நர்சம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

வைகாசியில் சின்னக்கா வூட்டுக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வாசலில் நின்றே காளியிடம் சொன்னேன்: "பிள்ளைக்கு நான் சளி எடுக்கல. அப்ப எனக்குக் கை ஓடல. இப்பக் கத்துக்கிட்டு வந்திருக்கேன்." சின்னக்கா, "எங்க பிள்ளய வெச்சுத்தான் கத்துக்கிட்டியா?" என்றார். வந்துவிட்டேன்.

நேற்று ராத்திரியே செல்லிக்கு வலி. என்னைக் கூப்பிடவில்லை. விடிந்ததும் எங்கள் ஊர் முனிராஜின் மாட்டு வண்டியில் அரூருக்குக் கிளப்பினார்கள். என் வூட்டைத் தாண்டும்போது செல்லியே, "அக்கா, நீயும் ஏறு" என்று கத்தினாள். சின்னக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏறிவிட்டேன்.

பாதி வழியிலேயே பிறந்தது. பெண். அழவில்லை. சளியை எடுத்தேன், முதுகைத் தேய்த்தேன். அழுதது. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததை நான் சற்றுத் தாமதமாகத்தான் பார்த்தேன். அடுத்த முறை தலை வந்ததும் முதலில் அங்கே விரல் வைத்துப் பார்ப்பேன்.

கண்ணம்மாள்


அரூர்,
15-7-1938

அன்புள்ள கண்ணம்மாள்,

மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்று. காரணமாக உங்கள் கடிதத்தின் கடைசி வரியைக் குறிப்பிட்டேன். குழந்தை பிழைத்ததை அதற்கு அடுத்துத்தான் எழுதினேன்.

ஊர் திருந்திவிட்டதாக நினைக்க வேண்டாம். நான் திரும்பியபோது, முனிராஜின் செவலை மாட்டுக்குத்தான் ராசி என்று சின்னக்கா வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லம்மாள், "அந்தப் பேச்சு இங்க ஆகாதுங்க" என்றார். "மாட்டுக்குமா ஆகாது?" என்று கேட்டார் சின்னக்கா.

மறுநாள் காலை செல்லியை வீட்டுக்கு அனுப்பினோம். வண்டி ஏறும்முன் சின்னக்கா என்னிடம் வந்து, "காளி முழுகாம இருக்கா. தை மாசம். கண்ணம்மாவ எங்கயும் மாத்திடாதீங்க" என்றார். இரண்டடி போய்த் திரும்பி, "முனிராஜ் மாட்டுக்கும் சொல்லி வெச்சிருக்கோம்" என்றார்.

ராஜாமணி