பென்சிலில் எழுதிய கேள்வி

ஆகஸ்ட் 4

அன்புள்ள குட்டைக்கு,

நலமா? என் நலத்தை விசாரிக்கும் வேலை உனக்கு வேண்டாம், நற்செய்தியே இருக்கிறது. எந்தப் பாடம் எடுத்தாலும் மாணவர்களை எழுத வைக்கும் ஆசிரியர்களை நம் கல்லூரி இந்த ஆண்டிலிருந்து கௌரவிக்கப் போகிறதாம். முதல் விருது எனக்கு. வேதியியல்காரிக்கு எழுத்துக்காக விருதா என்று மொழித்துறையில் இரண்டு பேர் என்னைக் கண்டால் புன்னகைப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வகத்தில் சோதனைக் குழாயைத் தொடும் முன், செய்யப்போவதை வேதியியல் தெரியாத வீட்டாருக்குச் சொல்வதுபோல் அரைப்பக்கம் எழுதச் சொல்வோமே, அதற்குத்தான். மாதிரிக்கு மூன்று நோட்டு கேட்டார்கள், கொடுத்தேன். துறைத் தலைவர் பதவியும் எனக்கே வரும் என்று பேச்சு. இருபதாம் தேதி விழா. நாலு வருஷமாகக் கல்லூரிப் பக்கமே தலைகாட்டாமல் இருக்கிறாய். நீ வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். சாக்குச் சொன்னால் உன்னோடு பேச மாட்டேன்.

உன் நெட்டை

ஆகஸ்ட் 9

அன்புள்ள நெட்டைக்கு,

வாழ்த்துகள். வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி இணையப் பக்கத்தில் ஒரு மாதிரி நோட்டின் படத்தைப் பார்த்தேன். உப்பு தண்ணீரில் மறைந்துவிட்டதாக ஒரு மாணவி தன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறாள். ஓரத்தில் பென்சிலில், "உப்பு இன்னும் அதில்தான் இருக்கிறது என்று அம்மாவுக்கு எப்படிக் காட்டுவாய்?" என்று ஒரு கேள்வி. தேர்வுக்குழு அந்தக் கேள்வியைத்தான் மெச்சியிருக்கிறது. அது என் கையெழுத்து. நான் விட்டுவந்த அலமாரியில் இருந்த நோட்டு.

நோட்டுக்காக நான் கோபப்படவில்லை. நாலு வருஷத்துக்கு முன் துறைக் கூட்டத்தில் முதல்வர், "கெமிஸ்ட்ரி டீச்சர் கதை எழுதச் சொல்றாங்கன்னு பெத்தவங்க புகார் பண்றாங்க. வேற யாராவது இதைப் பண்றீங்களா?" என்று கேட்டார். நீயும் அதே அரைப்பக்கத்தை வாங்கிக்கொண்டுதான் இருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ வருகைப் பதிவேட்டைப் புரட்டினாய். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இப்போது மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை எடை பார்க்கிறேன். பிள்ளைகள் எழுதியதைப் படித்து நாலு வருஷம் ஆகிறது.

விழாவுக்கு வரமாட்டேன்.

உன் குட்டை

ஆகஸ்ட் 22

அன்புள்ள குட்டைக்கு,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். என் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளில் நான் 'நன்று' என்பதைத் தவிர எதுவும் எழுதியதில்லை. உன்னைப் போல் கேள்வி கேட்க எனக்கு வரவில்லை. அதனால் உன் நோட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். இந்தக் கற்பிக்கும் முறை யாரிடமிருந்து வந்தது என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். சொந்த அனுபவம் என்று எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று முன்தினம் மேடையில் மைக்கைப் பிடித்து உன் பெயரைச் சொன்னேன். நோட்டு உன்னுடையது என்றும், அந்தக் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். கேடயத்தை மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். "இதை என் ரூம்ல வந்து சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் முதல்வர். பதவி இனி வராது. அந்த நோட்டுக்காரப் பெண் இப்போது பள்ளி ஆசிரியை. விழாவுக்கு வந்திருந்தாள். "மேடம் அட்ரஸ் கிடைக்குமா?" என்று கேட்டாள். உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

என்னை மன்னித்துவிடு.

உன் நெட்டை

ஆகஸ்ட் 27

நெட்டைக்கு,

அந்தப் பெண்ணுக்கு முகவரியைக் கொடு. அவள் என்ன எழுதுகிறாள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

நீ மேடையில் பேசியதைக் கல்லூரி ஆய்வக உதவியாளர் போன் செய்து சொன்னார். கேட்டு அழுதேன். உனக்குத் தைரியம் கிடையாது, பயந்த சுபாவம் என்று நினைத்துத்தான் நாலு வருஷமாக உன்னோடு பழையபடி இருந்தேன். தைரியம் உனக்கு இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. அன்று "நானும் பண்றேன் சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்று காலை நான் வகுப்புக்குப் போயிருப்பேன்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

குட்டை